காலம் கடந்த மனு: கடத்தியவர் யார்?

ஜின்னிங் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அது சட்டம். நிறுத்தினால் அரவை குறைகிறது என்று மேஸ்திரி கத்துவார். அது நடைமுறை. 2022 பிப்ரவரியில் ஓர் இரவு ஷிப்டில், கத்தலுக்குப் பயந்து, ஓடுகிற மெஷினில் கையை விட்டார் நமது தோழர் ஒருவர். இடது கையின் நான்கு விரல்கள் போயின. அப்போது அவருக்கு வயது நாற்பது. சம்பளம் மாதம் 12,000 ரூபாய்.

அவர் நமது சங்க அலுவலகத்தின் படியேறியது 2024 ஆகஸ்டில். இரண்டரை ஆண்டு கழித்து! "இவ்வளவு நாள் எங்கே ஐயா போயிருந்தீர்கள்?" என்று கேட்டோம். கேட்டவுடன் நமக்கே வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் அவர் எங்கும் போகவில்லை. அதே ஆலையின் கேட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட மூன்றாம் நாள் முதலாளியே நேரில் வந்தாராம். பழக்கூடையுடன் வந்தாராம். "கேஸ், கீஸ் என்று யார் பேச்சையும் கேட்டுப் போகாதே. வைத்தியச் செலவு என்னுடையது. கேட்டில் வாட்ச்மேன் வேலை தருகிறேன். உன் ஆயுள் முழுக்க அந்த நாற்காலி உனக்குத்தான்" என்றாராம். ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஆயுள் முழுக்க என்ற அந்த நாற்காலி 2024 ஜூன் வரை இருந்தது. ஜூன் மாதம், "இந்த சீசனுக்கு ஆள் தேவையில்லை" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, "ஒரு கையை வைத்துக்கொண்டு நீ கேட்டை எப்படித் திறப்பாய்?" என்று மானேஜர் கேட்டாராம். இரண்டு ஆண்டுக்கு மேலாக அதே கையால்தான் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார் என்பது மானேஜருக்கு மறந்துபோயிற்று போலும்!

ஏன் ஜூன் மாதம்? ஏன் அதற்கு முந்திய ஜூன் இல்லை? இதைத்தான் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டும்.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் (2010 முதல் இதற்கு ஊழியர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று பெயர்) 10-ஆம் பிரிவில் ஒரு கெடு வைத்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நமது தோழருக்கு அந்தக் கெடு 2024 பிப்ரவரியில் முடிந்தது. முதலாளி நான்கு மாதம் கூடுதலாகவே காத்திருந்தார், நிச்சயப்படுத்திக்கொள்ள. அதற்குப் பிறகு வாட்ச்மேனுக்குச் சம்பளம் எதற்கு?

அந்தக் கெடுவுக்குள் மனுப் போட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்? கணக்கைத் தொழிலாளர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம், ரகசியம் ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்தில் 60 சதவிகிதம், அதாவது 7,200 ரூபாய். நாற்பது வயதுக்குச் சட்ட அட்டவணை கொடுக்கும் பெருக்குத்தொகை 184.17. இரண்டையும் பெருக்கினால் 13,26,024 ரூபாய். ஒரு கையின் நான்கு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 50 சதவிகிதம் போனதாகச் சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. பாதி போட்டால் 6,63,012 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் முதலாளி தானாகக் கொடுத்திருக்க வேண்டிய பணம் இது. கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவிகித வட்டி. தக்க காரணமில்லாமல் இழுத்தடித்தால் பாதித் தொகை வரை அபராதமும் உண்டு.

ஆக, ஒரு பழக்கூடையும் ஒரு பழைய நாற்காலியும் போட்டு, ஆறரை லட்சத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்கிறார் ஒரு மனிதர். அந்த வாட்ச்மேன் வேலைக்கு அவர் கொடுத்த சம்பளமோ, தோழர் செய்த வேலைக்கான கூலி. தருமம் ஒன்றுமில்லை.

இது ஏதோ ஒரு கெட்ட முதலாளியின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். சங்க அலுவலகத்தில் நாலு வருஷம் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். "வேறு வேலை தருகிறோம்" என்று ஓரிடத்தில். "மகனுக்கு வேலை போட்டுத் தருகிறோம்" என்று இன்னோரிடத்தில். "இன்ஷூரன்ஸ்காரன் பேப்பர் வரட்டும்" என்று மற்றோரிடத்தில். வார்த்தைதான் வேறு. கண் இருப்பதெல்லாம் காலண்டரின் மேல்.

சட்டத்தின் பார்வையில் 2 ஆண்டு என்பது எல்லோருக்கும் 2 ஆண்டுதான். ஆனால் முதலாளியின் 2 ஆண்டும் தொழிலாளியின் 2 ஆண்டும் ஒன்றா? அவருக்கு வக்கீல் குமாஸ்தா தேதி குறித்து வைத்திருப்பார். இவருக்கு முதல் ஆறு மாதம் புண் ஆற. அடுத்த ஆறு மாதம் கடன் அடைக்க. அதற்குப் பிறகு, இருக்கிற வேலையும் போய்விடுமோ என்ற பயம். கையோ காலோ போன மனிதனுக்கு வெளியில் வேறு வேலை கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது முதலாளிக்கும் தெரியும். உள்ளே வேலை செய்துகொண்டே முதலாளி மேல் வழக்குப் போட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நமது பஞ்சாலை ஹாஸ்டல்களில் அடைபட்டிருக்கிற தொழிலாளிக்கு எந்த ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாது. அடிபட்டதும் ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிறகு எங்கிருந்து மனு?

இதெல்லாம் சட்டம் செய்தவர்களுக்கும் கொஞ்சம் தெரிந்துதான் இருந்தது. அதே 10-ஆம் பிரிவு கதவைப் பூட்டிவிட்டுச் சாவியையும் பக்கத்திலேயே மாட்டி வைத்தது. தக்க காரணம் இருந்தால் காலம் கடந்த மனுவையும் கமிஷனர் ஏற்கலாம் என்பது அந்தச் சாவி. முதலாளியின் வாக்குறுதியை நம்பி இருந்தேன், வேலையிலேயே வைத்திருந்தார்கள், அதனால்தான் வரவில்லை என்பது தக்க காரணம் இல்லையா? தக்க காரணம்தான் என்று நாம் வாதாடுகிறோம்.

"ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் சொல்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் எழுந்து நிற்பார். அவருக்குச் சொல்ல ஒரு பதில் உண்டு. 1987-இல் சுப்ரீம் கோர்ட்டு, காஷ்மீரின் அனந்தநாக் நில ஆர்ஜித வழக்கில், தாமத மனுக்களைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று கூறியது. ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் என்றால் ஒவ்வொரு மணிக்கும், ஒவ்வொரு வினாடிக்கும் ஏன் கேட்கக் கூடாது என்று திருப்பிக் கேட்டது. வேண்டுமென்றே யாரும் தாமதிப்பதில்லை, தாமதித்தால் நஷ்டம் அவருக்குத்தானே என்றும் விளக்கியது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த வழக்கில் தாமதமாக வந்தவர் கை போன தொழிலாளி அல்ல, சர்க்கார்! நான்கு நாள் தாமதம். சர்க்காருக்குக் காட்டிய தாராளம் ஜின்னிங் தொழிலாளிக்கும் உண்டு என்று ஒவ்வொரு முறையும் நாம்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று பயப்படுகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பது 1923 சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஒரு தாள் என்ன, நூறு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது குப்பை. "நீ காண்டிராக்டர் ஆள், எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னால், பிரதான முதலாளியும் பொறுப்பு என்பது 12-ஆம் பிரிவு. "நீ தினக்கூலி" என்று சொன்னால், அந்தச் சாக்கை 2000-ஆம் ஆண்டின் திருத்தமே எடுத்துவிட்டது.

விரல் போனால் தேதி தெரியும். நெஞ்சு போனால்?

புளோ ரூமிலும் கார்டிங்கிலும் நிற்கிற தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருக்கும். செவ்வாய், புதன் கொஞ்சம் தேவலை. சில வருஷம் கழித்து எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். பஞ்சுத் தூசி நுரையீரலைக் கெடுக்கும் இந்த நோய்க்கு டாக்டர்கள் பிசினோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பீடி குடித்தாய், அதனால் இருமுகிறாய் என்று ஆலை வைத்தியர் பெயர் வைப்பார். 1923 சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இது தொழில்நோய் என்று எழுதப்பட்டிருக்கிறது. தறிச் சத்தத்தில் காது மந்தமாவதும் அதில் இருக்கிறது.

இந்த நோய்களுக்கு 2 ஆண்டை எங்கிருந்து எண்ணுவது? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நோயால் வேலைக்குப் போக முடியாமல் தொடர்ந்து நின்ற முதல் நாளே விபத்து நாள் என்று சட்டம் வைத்தது. வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிற, ஆனால் உடல் பாதி கெட்டுவிட்ட தொழிலாளிக்கு, முதலாளிக்கு நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 2 ஆண்டு. அந்த நோட்டீசுக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்! ஒரு முழுத் தாளில் நான்கு வரி. வேலையை விட்ட பிறகு 2 ஆண்டுக்குள் நோய்க்குறி தெரிந்தால், அது முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. ஆகவே ரிட்டையரானவர் இருமும்போது, "இனி என்ன கிடைக்கும்" என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது.

நஷ்டஈடு ஒரு பக்கம். வேலை இன்னொரு பக்கம். கை போனவனுக்குப் பணம் கொடுத்தால் போதுமா? அவனுக்கு இன்னும் இருபது வருஷம் உழைக்கிற வயது இருக்கிறதே! அவனை வேலையிலிருந்து தள்ளுவது பாரபட்சம் இல்லையா?

பாரபட்சம்தான் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறியது. வேலையில் இருக்கும்போது ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலை இல்லாவிட்டால், கிடைக்கும் வரையிலோ ரிட்டையராகும் வரையிலோ கூடுதல் பதவி ஒன்றை உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மத்திய சர்க்காரின் படை ஒன்றில் கால் இழந்த ஒரு கான்ஸ்டபிளின் வழக்கில் 2003-இல் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதிப்படுத்தியது. ஊனப் பென்ஷன் கொடுத்தோமே, அது போதாதா என்ற வாதம் எடுபடவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலும் அதே பாதுகாப்பு தொடர்கிறது.

ஆனால் யாருக்கு? சர்க்கார் நிறுவனங்களில் வேலை செய்பவருக்கு! தனியார் பஞ்சாலையில் கை போனவருக்கு இந்தப் பிரிவு கிடையாது. பஸ் ஓட்டுகிற தோழருக்குக் கண் மங்கினால், அவர் சர்க்கார் போக்குவரத்துக் கழகத்தவராக இருந்தால், வேறு வேலை கேட்க உரிமை உண்டு. தனியார் ஆலையில் கார்டிங் ஓட்டுகிறவருக்கு நெஞ்சு கெட்டால், அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் உள்ள பொதுவான வாக்கியம் மட்டும் உண்டு. ஊனத்தின் காரணமாகப் பாரபட்சம் கூடாது, நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற அளவான நடவடிக்கை என்று காட்டினாலொழிய என்கிறது அந்த வாக்கியம். அந்த "ஒழிய" வழியாக ஒரு லாரியே நுழைந்து போகலாம். முதலாளிக்கு லாபத்தைவிட நியாயமான நோக்கம் வேறென்ன? கோவை வட்டாரத்தில் அந்த 20-ஆம் பிரிவின் குடைக்குள் வருகிற பஞ்சாலைகள் தேசிய ஜவுளிக் கழகத்தின் ஆலைகள். அவற்றை 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது நிறுத்தினார்கள். குடை இருக்கிறது, நிற்க இடமில்லை.

இன்னொரு பொல்லாத ஷரத்தையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்குறைப்புச் செய்தால் நோட்டீசும் நஷ்டஈடும் தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். ஆனால் "தொடர்ந்த உடல்நலக் கேடு" காரணமாக நீக்கினால் அது ஆட்குறைப்பே அல்ல என்று அதே சட்டம் விலக்கிவிட்டது. தூசியைக் கொடுப்பது ஆலை. நெஞ்சு கெட்டால் அது தொழிலாளியின் சொந்த விவகாரம்! ராஜஸ்தான் பஸ் டிரைவர்கள் சிலர் கண் பார்வை குறைந்ததற்காக நீக்கப்பட்ட வழக்கு 1991-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, இது ஆட்குறைப்பு ஆகாதுதான் என்றாலும், தொழிலே கொடுத்த ஊனத்துக்காகத் தொழிலாளியைத் தெருவில் விடுவது நியாயமல்ல என்று கூறி, மாற்று வேலைக்கு வழி செய்யச் சொன்னது கோர்ட்டு. 

இந்த இருட்டில் 2025 ஆகஸ்டில் ஒரு வெளிச்சம் வந்தது. தெலங்கானா போக்குவரத்துக் கழகத்தில் நிறக்குருடு என்று சொல்லி ஒரு டிரைவரை வெளியேற்றியிருந்தார்கள். அவருக்கு வேறு வேலை கொடு என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எதை வைத்து? ஊனமுற்றோர் சட்டத்தை மட்டும் வைத்து அல்ல. 1979-இல் சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தில், நிறக்குருடான டிரைவருக்கு மாற்று வேலை தர வேண்டும் என்ற ஷரத்து இருந்தது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்றது கோர்ட்டு. 1979-இல் அந்த மேஜையில் உட்கார்ந்து அந்த ஒரு வரிக்காகப் பேசியவர்கள் யாரோ. நாற்பத்தாறு வருஷம் கழித்து அவர்கள் எழுதிய வரி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது. நமது ஆலைகளில் அடுத்த சம்பள ஒப்பந்தம் பேசும்போது போனஸ், பஞ்சப்படிக்குப் பிறகு கடைசி நேரத்தில் விட்டுவிடுகிற ஷரத்து எது என்று நமது தலைவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது மறுபடியும் காலண்டருக்கு வருவோம். முன்பு தொழில் தகராறு எழுப்பக் கெடுவே இல்லை. ஏழு வருஷம் தாமதித்து வந்த ஒரு தொழிலாளியின் வழக்கில், காலவரையறைச் சட்டம் தொழில் தகராறுக்குப் பொருந்தாது, வேண்டுமானால் பின்சம்பளத்தைக் குறைக்கலாம் என்று 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2010-இல் பார்லிமெண்டு ஒரு திருத்தம் செய்தது. வேலை நீக்கப்பட்டவர் நேரே லேபர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒரு கையால் கொடுத்து, 3 ஆண்டுக்குள் போக வேண்டும் என்று மறு கையால் பிடித்துக்கொண்டது. பிறகு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தும் எதிர்த்தும் கேளாமல் 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கப்பட்டன. தகராறு தோன்றி 2 ஆண்டு ஆகிவிட்டால் சமரச அதிகாரி அதைக் கையில் எடுக்கக் கூடாது என்கிறது தொழில் உறவுத் தொகுப்பு. கெடுவே இல்லாத காலம் போய், மூன்று, பிறகு இரண்டு! தொழிலாளிக்குச் சுருங்குகிற கெடு, முதலாளி பாக்கி வைக்கிற பி.எப். பணத்துக்கு ஏன் சுருங்கவில்லை என்று நாம் கேட்கவில்லை. கேட்டால் அரசியல் என்பார்கள்.

இந்தச் சூழ்ச்சி நமது நாட்டுச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் நகரில் குட்இயர் டயர் ஆலையில் லில்லி லெட்பெட்டர் என்ற அம்மையார் 1979 முதல் 1998 வரை மேற்பார்வை வேலை பார்த்தார். அதே வேலை செய்த ஆண்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. அது அவருக்கே தெரியாது. பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. வழக்குப் போட்டார். பாரபட்சம் தொடங்கிய 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று கூறி, 2007-இல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. மறைத்து வைத்தவனுக்கு லாபம். மறைத்ததை அறியாதவளுக்குத் தண்டனை! நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. 2009 ஜனவரியில் சட்டமே மாற்றப்பட்டது. குறைந்த சம்பளம் கைக்கு வருகிற ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும் என்று எழுதினார்கள். பெண்களுக்கு மட்டுமல்ல, ஊனம் காரணமாகச் சம்பளம் குறைக்கப்பட்டவர்களுக்கும் அந்த மாற்றம் சேர்ந்தது. அந்த அம்மையாருக்கு மட்டும் குட்இயரிடமிருந்து ஒரு காசும் வரவில்லை. 2024 அக்டோபரில் காலமானார்.

வயலில் இருக்கிற தோழர்கள், இதெல்லாம் ஆலைக்காரர் விவகாரம் என்று தாளை மடித்துவிட வேண்டாம். டிராக்டரும் இயந்திர சக்தியால் ஓடும் கருவிகளும் கொண்டு நடக்கும் விவசாயத்தில் வேலை செய்பவரும், பூச்சி மருந்து தெளிப்பவரும் 1923 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்தார்கள். கதிரடிக்கும் மெஷினில் கை போனவருக்கும், மருந்தடித்து மயங்கி விழுந்து கண் கெட்டவருக்கும் அதே கணக்கு, அதே 2 ஆண்டு. கையால் அறுக்கிறவரும் நாற்று நடுகிறவரும் அந்தப் பட்டியலில் இல்லை. அரிவாளால் விரல் போனால் சட்டம் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறது. மெஷினில் அடிபட்டவர்களும் மனுப் போடுவதில்லை என்பதுதான் நமது அனுபவம். பண்ணையார் வீட்டுத் திண்ணையில் பத்தாயிரம் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் "தீர்ந்தது" என்று முடிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பும் 17-ஆம் பிரிவின்படி குப்பைதான். நான்கு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை எப்படி மீறுவது என்று தயங்குகிற விவசாயத் தொழிலாளியிடம் நாம் கேட்கிறோம்: அந்த நான்கு பேரில் எத்தனை பேர் உங்கள் பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றினார்கள்?

முதலாளியைத் திட்டிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மையாகாது. ஒரு தோழர் 2021-இலேயே நமது கிளை அலுவலகம் ஒன்றில் மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பீரோவில் கிடந்தது. பொறுப்பாளர் மாறினார், மாநாடு வந்தது, தேர்தல் வந்தது. மனு வெளியே வந்தபோது கெடு போய்விட்டது. அந்தத் தோழருக்கு நாம் என்ன பதில் சொல்வது? முதலாளி வேண்டுமென்று செய்ததை நாம் அஜாக்கிரதையால் செய்தோம். அடிபட்ட குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, விபத்து நாள், நோட்டீஸ் நாள், கெடு முடியும் நாள் என்று மூன்று கட்டம் கிழித்து, கமிட்டி கூடும்போதெல்லாம் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்று நமது சங்கத்தில் இப்போது முடிவு செய்திருக்கிறோம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை. நாற்பது ரூபாய் நோட்டு.

அடிபட்டவர் செய்ய வேண்டியதும் கஷ்டமானதல்ல. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுத விடக் கூடாது; ஆலையில், இந்த மெஷினில், இந்த நேரத்தில் என்று சீட்டில் ஏற வேண்டும். மேஸ்திரி கூட வந்திருந்தால் அவர் பேசுவதற்கு முன் வீட்டார் பேச வேண்டும். பக்கத்து மெஷினில் நின்ற இருவர் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாளிக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதை அரிசிப் பானையிலாவது போட்டு வைக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. உள்ள ஆலையானால் நஷ்டஈட்டு கமிஷனரிடம் போக முடியாது, ஈ.எஸ்.ஐ. மூலம்தான் ஊன உதவி; ஆனால் அங்கேயும் விபத்து ரிப்போர்ட்டு போயிற்றா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். ஜின்னிங் போன்ற சீசன் ஆலைகளை ஈ.எஸ்.ஐ. தொடுவதில்லை என்பதால்தான் நமது தோழருக்குக் கமிஷனர் வழி. முதலாளி மாற்று வேலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டே மனுவும் போடலாம். வேலை ஏற்றுக்கொண்டால் உரிமை போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கை போன தச்சர் ஒருவருக்கு, அவர் தொழிலுக்கு ஒரு கை போனாலே முழு ஊனம்தான் என்று நூற்றுக்கு நூறு நஷ்டஈட்டை 1975-இல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்திருக்கிறது. அட்டவணையில் போட்ட சதவிகிதத்தோடு பேச்சை முடித்துவிட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

நமது தோழரின் விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பரில் நஷ்டஈட்டு மனுவும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட்டோம். வாட்ச்மேன் வேலைக்குக் கொடுத்த சம்பளச் சீட்டுகளை அவர் மனைவி ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார், இருபத்தாறு சீட்டுகள். விபத்துக்குப் பிறகும் அவரை நம்ப வைத்து உள்ளேயே வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? வேலை நீக்கத்துக்குத் தனியாகத் தகராறும் எழுப்பியிருக்கிறோம். மனுதாரர் ஏழு மாதம் தாமதித்து வந்திருக்கிறார், சட்டத்தின் கெடுவை மதிக்காதவருக்கு இரக்கம் காட்டக் கூடாது என்று நிர்வாகத்தின் வக்கீல் முதல் நாளே வாதாடினார். எழுத்து மூலமான பதில் எங்கே என்று கமிஷனர் கேட்டார். தயாராகவில்லை, அவகாசம் வேண்டும் என்றார் வக்கீல். கொடுக்கப்பட்டது. அடுத்த வாய்தாவிலும் அவகாசம் கேட்டார். அதுவும் கொடுக்கப்பட்டது. இப்படியே ஐந்து வாய்தா ஆகியிருக்கிறது.